நள்ளிரவில் முதலில் வருபவர்கள் நீங்கள்: இராமநாதபுரம் கடலோரக் காவல் நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், தொண்டி முதல் சாயல்குடி வரை உள்ள கடலோரக் காவல் நிலையங்களின் பொறுப்பு அலுவலர்கள், அந்நிலையங்களில் இரவுப் பணி பார்க்கும் காவலர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

எங்கள் கடற்கரை ஊர்களில் நள்ளிரவில் ஒருவருக்கு மனம் நிலை தடுமாறினால், வீட்டார் முதலில் அக்கம்பக்கத்தாரை எழுப்புகிறார்கள். அவர்களாலும் சமாளிக்க முடியாதபோது 100-க்கோ, தெரிந்த காவலர் ஒருவரின் கைபேசிக்கோ அழைக்கிறார்கள். மனநல மருத்துவர் பகலில்தான் கிடைப்பார். ஆட்டோக்காரர் ஏற்றிச்செல்லத் தயங்குவார். 108 வண்டியில் வருபவர்களும், ஆள் கட்டுக்கடங்காமல் இருந்தால் போலீஸ் வரட்டும் என்று காத்திருப்பார்கள். ஆகவே அந்த நேரத்தில் முதலில் வந்து நிற்கும் அரசு நீங்கள்தான். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதன்பின் அவரை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்ற இரண்டைப் பற்றி மட்டுமே இந்த மடலை எழுதுகிறேன். நான் மருத்துவனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். மண்டபம் பக்கத்து மீனவக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பள்ளி ஆசிரியன். என் அண்ணனுக்குப் பல ஆண்டுகளாக மனநோய் இருக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கு ஒரு கடமையை விதிக்கிறது. மனநோய் இருப்பதாக நம்பக் காரணமுள்ள ஒருவர் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் சுற்றித் திரிந்தாலோ, நோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடியவராக இருந்தாலோ, அவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். எதற்காக எடுக்கிறோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். அவரால் புரிந்துகொள்ள இயலாவிட்டால் அவருக்கென நியமிக்கப்பட்ட பிரதிநிதியிடம் சொல்ல வேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இந்தக் கடைசி வரிக்குச் சட்டத்தில் விதிவிலக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. இரவு நேரம் என்பதோ, வண்டி இல்லை என்பதோ, ஆள் பலம் போதாது என்பதோ அதற்கு விலக்கு ஆகாது.

ஆனால் நிலையங்களில் இன்னும் பழைய பழக்கமே புழங்குகிறது. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, இப்படிப் பிடிக்கப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டியிருந்தது. நடுவர் ஆணை பெற்றே மருத்துவமனையில் சேர்ப்பது வழக்கம். அந்தச் சட்டம் போய்விட்டது. இருந்தும், "கோர்ட்டில் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்ற சொல் எங்கள் வீட்டு வாசலிலும், எனக்குத் தெரிந்த பல வீடுகளின் வாசலிலும் இன்றுவரை சொல்லப்படுகிறது. நடுவரிடம் போக வேண்டிய சூழல் வேறு. ஒருவர் தம் வீட்டிலேயே கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார், பின்கட்டுக் கொட்டகையில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறார் என்று தெரியவந்தால், நிலைய அலுவலர் உடனே நடுவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என 101-ஆம் பிரிவு சொல்கிறது. தெருவில் நிலை தடுமாறி நிற்பவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக எந்த ஆணையும் தேவையில்லை.

இன்னொரு குழப்பம், எந்த மருத்துவமனை என்பது. மனநோய் என்றாலே கீழ்ப்பாக்கம்தான் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அவ்வளவு தூரம் கொண்டுபோக வழியில்லை என்பதால் எங்குமே கொண்டுபோகாமல் விட்டுவிடுகிறார்கள். சட்டம் கேட்பது அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தை மட்டுமே. அது மனநலப் பிரிவு உள்ள இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. கொண்டுவந்து சேர்த்தபின், அவருக்கு உரிய பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது அங்குள்ள மருத்துவ அலுவலரின் பொறுப்பு. 94-ஆம் பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் அபாயம் இருந்தால், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை அளிக்கலாம், அது 72 மணி நேரம் வரை நீடிக்கலாம், மனநல நிலையத்துக்குக் கொண்டுசெல்வதும் அந்தச் சிகிச்சையில் அடங்கும். இராமேஸ்வரத்திலிருந்து மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நள்ளிரவில் அத்தனை தூரம் போக முடியாத நிலை இருக்கலாம். ஆனால் தீவுக்குள்ளேயே அரசு மருத்துவமனை இருக்கும்போது ஒருவரை விடியும்வரை நிலையத்து மூலையில் உட்காரவைக்க எந்தக் காரணமும் இல்லை.

24 மணி நேரம் என்பது வெளி எல்லை. அவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் கொடுத்த அனுமதியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிலையத்தின் பெயரையோ அலுவலர்களின் பெயரையோ எழுதவில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமல்ல.

என் அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். நோய் முற்றும்போது அவருக்கு வரும் பயம் எப்போதும் ஒன்றுதான்: இலங்கை நேவிக்காரர்கள் தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்பது. இந்தக் கரையில் பிறந்தவனுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பல இரவுகள் தூங்காமல் இருந்த அவர், ஒரு நாள் பின்னிரவில் கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளத்துக்குள் ஏறி நின்றுகொண்டு, யாரும் கிட்டே வரக்கூடாது என்று துடுப்பை ஓங்கிக்கொண்டிருந்தார். அம்மாதான் போலீசுக்குச் சொல்லச் சொன்னார். வந்தவர்கள் நான்கைந்து பேர். சீருடையில், கையில் லத்தியுடன், டார்ச் வெளிச்சத்தை அவர் முகத்தில் அடித்தபடி, ஆளுக்கொரு பக்கமிருந்து "கீழே போடுடா, இறங்குடா" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். அண்ணன் எதைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தாரோ, அதுவே அப்படியே நேரில் வந்து நின்றது. அவர் துடுப்பைச் சுழற்றினார். ஒரு காவலருக்குத் தோளில் அடிபட்டது. பிறகு நடந்ததை விரிவாக எழுத மனம் வரவில்லை. வலைக்கு வைத்திருந்த நைலான் கயிற்றாலேயே அவர் கையையும் காலையும் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். விடியும்வரை அவர் லாக்கப்பில் கிடந்தார். "புள்ள மாத்திரை சாப்பிடலய்யா, ஆஸ்பத்திரியில சேத்துவிடுங்கய்யா" என்று அம்மா நிலையத்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் கிடைத்த பதில், மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் தர்கா உள்ள ஏர்வாடிக்குக் கொண்டுபோங்கள் என்பது. கயிறு இறுகிய தடம் அண்ணனின் மணிக்கட்டில் இன்றும் இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து, அக்கா வீட்டில் இருந்தபோது அவருக்கு மறுபடியும் அப்படி ஆயிற்று. அது வேறு நிலையத்தின் எல்லை. வந்தவர் வயதான தலைமைக் காவலர் ஒருவர்; கூட ஓர் இளைஞர். ஏட்டையா செய்த முதல் வேலை, டார்ச்சை அணைத்தது. இரண்டாவது, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நின்ற பையன்களை இளைஞரை விட்டு அனுப்பிவைத்தது. பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பத்தடி தள்ளி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, எந்தப் போட்டுல போற? யாரு டிரைவரு?" என்று கேட்டார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப என்ன பாடு, இறால் படுதா?" என்றார். நெடுநேரம் சும்மா இருந்த அண்ணன், இறால் இல்லை, சங்காயம்தான் வருகிறது என்றார். அந்தப் பேச்சு எங்கெங்கோ போயிற்று. நேவிக்காரன் வருகிறான் என்று அண்ணன் சொன்னபோது, அவர் இல்லையென்று மறுக்கவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை, "பயமா இருக்கா? நான் இங்கனதான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். 108 வந்ததும் அக்காவை முதலில் ஏறச் சொல்லி, அவர் பக்கத்தில் அண்ணனை உட்காரவைத்து அனுப்பினார். கயிறு தேவைப்படவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

இரண்டு இரவுகளிலும் நோய் ஒன்றே, மனிதர் ஒருவரே. முதல் நிலையத்தில் இருந்தவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. துடுப்பு ஓங்கியவனை எப்படி அணுக வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. திருடனையும் ரவுடியையும் அணுகும் முறை ஒன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏட்டையாவுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர் தம் இயல்பால் அப்படி இருந்தார். ஒருவருடைய உயிர், அன்றைய இரவுப் பணியில் யார் இருக்கிறார் என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகவே பயிற்சி வேண்டும் என்கிறோம். காவல்துறையினர் உள்ளிட்ட அரசு அலுவலர்களுக்கு இச்சட்டம் குறித்துக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் பயிற்சி அளிக்க வேண்டும் என்று 30-ஆம் பிரிவும் அரசைக் கேட்கிறது.

அந்தப் பயிற்சியில் சொல்லப்பட வேண்டியவை கடினமானவை அல்ல. காதில் குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவது விளங்காது. ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியங்களில் பேச வேண்டும். அவர் உடனே கீழ்ப்படியவில்லை என்றால் அது திமிர் அல்ல. சொன்னது மண்டைக்குள் போய்ச் சேர நேரம் ஆகிறது, அவ்வளவுதான். அவருக்கும் உங்களுக்கும் இடையே தூரம் இருந்தால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. தப்பிக்க வழி இல்லாமல் சுற்றி வளைத்தால் எதிர்த்துத் தாக்குவார். பிடித்தே தீர வேண்டிய நிலை வந்தால், குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றுவதை எவரும் செய்யக் கூடாது. நெஞ்சு அமுங்கி மூச்சு நின்று பலர் இறந்திருக்கிறார்கள். மூச்சுக்காகத் திமிறுவதை எதிர்ப்பு என்று எண்ணி இன்னும் அழுத்துவதால் அந்தச் சாவு வேகமாக வருகிறது. மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

காவல்துறையால் இப்படி மாற முடியுமா என்ற சந்தேகத்துக்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-ல், மனநோயால் பாதிக்கப்பட்டு, கையில் கத்தியுடன் தன்னையே காயப்படுத்திக்கொண்ட ஓர் இளைஞரை, அழைப்பின்பேரில் வந்த காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஊரே கொதித்தது. அடுத்த ஆண்டே அந்நகரக் காவல்துறை, நோயாளிகளின் குடும்பத்தார் அமைப்பையும் பல்கலைக்கழகங்களையும் உட்காரவைத்துப் பேசி, விருப்பமுள்ள காவலர்களைத் தேர்ந்தெடுத்து 40 மணி நேரப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் அந்தக் காவலர்தான் முன்னால் போவார். நோயாளியை ஏற்றுக்கொள்ள மருத்துவமனையும் தயாராக இருக்கும். பின்னர் அந்நாட்டின் பல நகரங்கள் இதையே பின்பற்றின. துப்பாக்கி மலிந்த ஊரில் முடிந்தது, லத்தியோடு நிற்கும் நம் ஊரில் முடியாதா?

பயிற்சி பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புத்தி பேதலித்தவர்போல் நடந்துகொள்கிற எல்லாருக்கும் மனநோய் என்று பொருள் அல்ல. எங்கள் ஊர்களில் குடி மிகுதி. நாள்தோறும் அளவுக்கு மீறிக் குடித்தவர் ஏதோ காரணத்தால் சட்டென நிறுத்தினால், இரண்டு மூன்று நாள்களில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், காய்ச்சல் அடிக்கும், சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் தோன்றும், இடம் காலம் தெரியாமல் பிதற்றுவார். இது மருத்துவ அவசரம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். இதில் கொடுமை என்னவென்றால், அடிதடி வழக்கு ஒன்றில் பிடிபட்டு அடைக்கப்பட்டவருக்கும், சரக்கு கிடைக்காத இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இது வரலாம். "நடிக்கிறான்" என்று அதை ஒதுக்கிவிடுவது மிக எளிது. சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை இறங்கிப்போனாலும், வலிப்பு வந்து தெளியும் நேரத்திலும், தலையில் உள்காயம் பட்டாலும் ஆள் இப்படித்தான் முரண்டுபிடிப்பார். இவற்றைப் பிரித்தறிவது காவலர் வேலையல்ல. அதனால்தான் எல்லாரையும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்கிறோம்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல், வீடு இன்றி அலைந்து வந்து சேர்பவர்கள். இராமேஸ்வரம் ரயில் பாதையின் கடைசி. எங்கோ வடக்கில் ஏறி, இறங்கத் தெரியாமல் வந்தவர்கள் அங்கே இறங்குகிறார்கள். அமாவாசைக் கூட்டத்தில் குடும்பத்தைத் தொலைத்தவர்களும், வேண்டுமென்றே விட்டுச்செல்லப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஏர்வாடிக்கு எல்லா மதத்துக் குடும்பங்களும் நம்பிக்கையோடு வருகின்றன. வந்தவர்களில் சிலர் திரும்ப அழைத்துச் செல்லப்படுவதில்லை. இது சர்வதேசக் கடல் எல்லைக்குப் பக்கத்திலுள்ள கரை. இங்கே மொழி தெரியாத ஒருவர் கிழிந்த உடையோடு கரையில் திரிந்தால், அகதியா, உளவாளியா, கடத்தல்காரரா என்ற சந்தேகம் எழுகிறது. உங்கள் கடமை அது, அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் விசாரணையின் முதல் நிமிடத்திலேயே, இவர் நோயாளியாக இருக்கக்கூடுமோ என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும். ஒரு கேள்விக்கு நாலு விதமாகப் பதில் சொல்கிறவர் எல்லாரும் எதையோ மறைப்பவர்கள் அல்லர். 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி தமிழ்நாடெங்கும் பரவியபோது பழவேற்காட்டில் ஒருவரை ஊரார் அடித்துக் கொன்றதை நாம் மறந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட கூட்டத்துக்கும் அலைந்து திரியும் ஒருவருக்கும் நடுவில் நிற்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே.

வீடற்ற, அலைந்து திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்தால், காணாமல் போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தகவல் சொல்ல வேண்டியது நிலைய அலுவலரின் கடமை என்று அதே 100-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கோ பீகாரிலோ தெலங்கானாவிலோ ஒரு தாய் கொடுத்த புகார் கிடப்பில் இருக்கும். இங்கே ஒரு பதிவு இருந்தால்தான் இரண்டும் சந்திக்க முடியும். அதைச் செய்யாமல், ஒரு நிலையத்து எல்லையில் திரிந்தவரை வண்டியில் ஏற்றி அடுத்த நிலையத்து எல்லையில் இறக்கிவிடும் வழக்கம் இருப்பதாக ஊர்களில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையானால் அது நிற்க வேண்டும். அலைந்து திரிபவர் பெண் என்றால் ஓர் இரவுகூடத் தள்ளிப்போட முடியாது. அதன் காரணத்தை நீங்களே அறிவீர்கள். பெண் காவலர் உடன்வர அவரை அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மொழி தெரியவில்லை என்றால், 14416 என்ற தொலைபேசி மனநல சேவை 2022 அக்டோபர் முதல் நாடு முழுவதும் பல மொழிகளில் இயங்குகிறது, கட்டணம் இல்லை. ஒலிபெருக்கியில் போட்டு அவரையே பேசவைத்துப் பார்க்கலாம்.

"ஏர்வாடிக்குக் கொண்டுபோங்கள்" என்ற சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். மொத்தம் 28 பேர் இறந்தார்கள். அங்கிருந்த அதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டு 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மனநோயாளிகளின் நிலை குறித்து எல்லா மாநிலங்களுக்கும் ஆணைகள் பிறப்பித்தது. நாட்டின் மனநலச் சட்டமே மாறியதற்கு இந்த மாவட்டத்தின் மண்ணில் நேர்ந்த அந்தச் சாவுகளும் ஒரு காரணம். தர்காவின் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நான் எதிரி அல்லன். என் அம்மாவும் அங்கே போய் அழுதவர்தான். இன்று தர்காவுக்கு வருபவர்களுக்கு அங்கேயே அரசு மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள், பிரார்த்தனையும் மருந்தும் கூடவே நடக்கின்றன. ஆனால் சட்டப்படி மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய ஒருவரை, வீட்டார் தலையில் கட்டி அங்கே அனுப்பச் சொல்ல எந்தக் காவல் நிலையத்துக்கும் உரிமை இல்லை. 28 பேர் எரிந்த மாவட்டத்தின் காவல் நிலையத்திலிருந்து அந்தச் சொல் வரும்போது அது எப்படிக் குத்துகிறது என்பதை, கேட்ட குடும்பங்களே அறியும்.

தற்கொலை முயற்சியைப் பற்றிச் சுருக்கமாக. பாம்பன் பாலத்தில் இருந்து குதிக்க முயன்றவரைக் காப்பாற்றும் காவலர்களையும் மீனவர்களையும் நான் வணங்குகிறேன். காப்பாற்றியபின் அவர்மீது வழக்கு என்ற பேச்சே எழக்கூடாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்லி ஆண்டுகள் ஆகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமையைச் செய்யவிடாமல் நிர்ப்பந்திக்கும் நோக்கோடு செய்யும் முயற்சி மட்டுமே அதில் குற்றம். அந்தப் பிரிவை, ஆட்சியர் அலுவலகத்து வாசலில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ளும் அளவுக்கு நொந்துபோன எல்லார்மீதும் அப்படியே எழுதிவிடாதீர்கள். முதலில் மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. செப்டம்பரிலும் அக்டோபரிலும் பரமக்குடிக்கும் பசும்பொன்னுக்கும் பாதுகாப்புப் பணி, ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் பணி, ஏர்வாடிச் சந்தனக்கூடு, இடையே முக்கியப் பிரமுகர் வருகை என்று ஆண்டு முழுவதும் ஓய்வில்லை. இரவில் நிலையத்தில் இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒரு வண்டிதான் இருக்கும். நோயாளியை அழைத்துப்போனால் மருத்துவமனையில் "மெமோ எங்கே", "மனநல மருத்துவர் காலையில்தான் வருவார்", "கூட ஆள் இல்லாமல் சேர்க்க முடியாது" என்று மணிக்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். ஒரு முறை அப்படி அவமானப்பட்ட காவலர் அடுத்த முறை ஏன் போவார்? ஆகவே இந்தக் கடிதத்தின் நகலை மருத்துவக் கல்லூரி முதல்வருக்கும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கும் அனுப்புகிறேன். நீங்களும் அவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத்தில் ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை. எந்த நிலையத்திலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போவது, இரவில் யார் பொறுப்பு ஏற்பது, என்ன தாள் தேவை, எவ்வளவு நேரத்துக்குள் காவலரை விடுவிப்பது, அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு எந்த வண்டியில் அனுப்புவது என்பதெல்லாம் அமைதியான ஒரு பகல் பொழுதில் முடிவு செய்யப்பட வேண்டியவை. ஒருவர் கடற்கரையில் துடுப்போடு நிற்கும் நேரத்தில் அவற்றை யாராலும் முடிவு செய்ய முடியாது.

அந்த ஏற்பாடு ஒரே தாளில் அடங்கும். அதை ஒவ்வொரு நிலையத்திலும் ரைட்டர் மேசைக்கு மேலே ஒட்டிவைக்கலாம். மருத்துவ அலுவலரின் எண், 108, 14416 ஆகியவற்றை அதிலேயே எழுதலாம். ஒவ்வொரு இரவுப் பணியிலும் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்கும்படி பணிப்பட்டியலைப் போடலாம். பயிற்சிக்கு வெளியூரிலிருந்து நிபுணர் வரவேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும், நோயிலிருந்து தேறியவர்களும், வீட்டாரும் வந்து பேசினாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும்.

இன்னும் ஒரு கோரிக்கை பதிவேடு பற்றியது. பாதுகாப்பில் எடுத்த நேரம், காரணம், மருத்துவமனையில் ஒப்படைத்த நேரம், பெற்றுக்கொண்ட மருத்துவரின் பெயர் ஆகிய நான்கையும் நிலையப் பொது நாட்குறிப்பில் எழுதி, வீட்டாருக்கு ஒரு நகல் கொடுக்க ஆணையிட வேண்டுகிறேன். அது எங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் காப்பு. வழியில் நோயாளிக்கு ஏதேனும் நேர்ந்தால் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. சுற்றி நின்றவர்கள் எடுக்கும் காணொலிகளைத் தடுப்பதையும் உங்கள் வேலையில் ஒன்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். நோய் தெளிந்து வேலைக்குத் திரும்பும் ஒருவரை அந்தக் காணொலி ஆண்டுக்கணக்கில் துரத்துகிறது. பெண் என்றால் கல்யாணப் பேச்சே நின்றுபோகிறது.

முதல் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் நெடுங்காலம் யாரும் போலீசை அழைக்கவில்லை. அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத இரவுகளில் அறையைப் பூட்டி வெளியே காவல் இருந்தோம். இப்படிப் பூட்டிய கதவுகள் இந்தக் கரையில் எத்தனையோ இருக்கின்றன. அக்கா ஊர் ஏட்டையாவுக்குப் பிறகுதான் அம்மா துணிந்தார். மேலே சொன்ன கூட்டத்தை நீங்கள் கூட்டுவதானால், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பகுதிகளிலிருந்து என்னோடு தொடர்பில் இருக்கும் குடும்பங்கள் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லத் தயாராக இருக்கின்றன; அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாள் குறித்துத் தகவல் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனநோயுடன் வாழும் ஒருவரின் தம்பி,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.